பொராமினிபெராவின் துளை எங்கே இருக்கிறது?

சென்ற ஆண்டு இங்குள்ள ஒரு பாடசாலையின் விஞ்ஞானக் கண்காட்சிக்கு, கடல் மணலைப் பற்றிய விளக்கப் பலகை ஒன்றைத் தமிழில் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருந்தார்கள். கையில் தந்த ஆங்கிலக் குறிப்பு ஒன்றரைப் பக்கந்தான் இருந்தது. ஓரிரவு வேலை என்று எண்ணி உட்கார்ந்தேன், அப்படியே முடித்தும் கொடுத்துவிட்டேன். கண்காட்சியின் முதல் நாள் காலையில், உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் மாணவி ஒருத்தி அந்தப் பலகையின் முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்து, "சேர், துளையுடலி எண்டா கடற்பஞ்சு தானே? அது எப்படி மணலுக்குள்ள ஒரு மில்லிமீற்றர் அளவில இருக்கும்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் அடுத்த கேள்வியும் வந்தது: "கல்சியம் காபனேற்றாலான சோதனை எண்டு போட்டிருக்கு. அது என்ன சோதனை சேர்?"

இரண்டும் என் பிழைகள். குறிப்பிலிருந்த பொராமினிபெரா என்ற நுண்ணிய கடலுயிரின் பெயரைத்தான் துளையுடலி என்று பெயர்த்திருந்தேன். முதலாவது, சொல்லின் வேரை மட்டுமே பார்த்து மொழிபெயர்த்ததால் வந்தது. இரண்டாவது, வேரைப் பார்க்காமலே மொழிபெயர்த்ததால் வந்தது. பலகையை அன்று மாலையே கழற்றிவிட்டோம். ஆனால் பொராமினிபெரா என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை. அதைப் பற்றித் தேடி வாசித்தவற்றையும், நிலாவெளி மணலைக் கிண்டிப் பார்த்தவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த உயிரைப் பற்றிச் சிறிது சொல்லிவிட வேண்டும். பொராமினிபெரா என்பவை தனிக்கல அங்கிகள். ஒரே ஒரு கலம் தனக்கென்று ஓர் ஓட்டைக் கட்டிக்கொண்டு, அதன் வாயிலிருந்து மெல்லிய நூல்களாகப் போலிப்பாதங்களை நீட்டி, வலைபோலப் பின்னி, அந்த வலையிலே இரை பிடித்து வாழ்கிறது. பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றருக்கும் சிறியவை. ஆயினும் சில சென்ரிமீற்றர் குறுக்களவுக்கு வளர்ந்த பழங்காலத்து இனங்களும் உண்டு. உலகில் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இவை இருந்து வருகின்றன. இன்று வாழும் பல்லாயிரம் இனங்களில் ஏறத்தாழ 50 மட்டுமே நீரில் மிதந்து வாழ்பவை. மற்றவற்றில் மிகப் பெரும்பாலானவை கடலடியிலும், பவளப் பாறைகளிலும், கடற்புல்லிலும், களப்புச் சேற்றிலும் வாழ்பவை. உயிர் போனபின் ஓடு மிஞ்சுகிறது. நாம் கரையில் மிதித்து நடப்பது அந்த ஓடுகளைத்தான்.

கண்காட்சி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வாடைக்காற்று ஓய்ந்து கடல் அமைதியாக இருந்த ஒரு காலைப் பொழுதில், நிலாவெளிக் கரைக்குப் போனேன். புறாத்தீவில் நல்ல பவள மணல் இருக்கிறது. ஆனால் அது தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு மணியைக்கூட எடுத்து வருவது முறையல்ல. ஆகவே அலை விட்டுச் சென்ற கோட்டின் மேலே, இலேசான பொருட்கள் ஒதுங்கி வெண்மையாகத் தெரியும் அந்த ஒடுங்கிய வரியிலிருந்து ஒரு ஜாம் போத்தல் நிறைய மணல் அள்ளினேன். கரைவலைக்காரர் ஒருவர், வயது எழுபதுக்குக் குறையாது, வலைக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டே என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். "தம்பி, பவுண் ஏதும் விழுந்து போச்சோ?" என்றார். பையில் இருந்த கைவில்லையையும் கறுப்புக் காகிதத்தையும் எடுத்து, சுருண்ட ஓடு ஒன்றை அதில் வைத்து அவரிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இது சங்குக் குஞ்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மீண்டும் கயிற்றுக்குத் திரும்பிவிட்டார்.

வீட்டில் மணலை நன்னீரில் இரண்டு முறை அலசி, காயவைத்து, கறுப்புக் காகிதத்தில் ஒரு சிட்டிகை தூவி, பாடசாலையில் இரவலாக வாங்கிய பழைய நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். சித்திரம் வரையும் மிக மெல்லிய தூரிகையின் நுனியை நாவில் நனைத்து, அதனால் மணியைத் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். இந்த வேலையைத் தொழிலாகச் செய்பவர்களும் தூரிகையால்தான் பொறுக்குகிறார்கள் என்று பிறகு அறிந்தேன். முதலில் தெரிந்தவை கண்ணாடித் துண்டுகள் போன்ற படிகமணிகள், சிப்பி உடைசல்கள், கடலூமத்தை முள்ளின் துண்டுகள். பிறகு கண் பழகியது. பருப்புப்போல இருபுறமும் புடைத்து, ஒளி ஊடுருவும் ஓடு ஒன்று. அதன் உள்ளே வளைந்த கோடுகள் நடுவிலிருந்து விசிறிபோலப் பிரிந்தன. வெப்பக் கடல்களின் பவளப் பாறைகளுக்கு அருகில் மிகுதியாகக் காணப்படும் அம்பிஸ்டெஜினா இனத்தின் படங்களோடு அது அச்சாகப் பொருந்தியது. அதன் அருகில் இன்னொன்று, நெல்மணியின் வடிவம், பீங்கான்போன்ற பளபளக்கும் வெண்மை, ஒளி புகாது. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறோம் என்பது பார்த்த மாத்திரத்தில் நம்பக்கூடியதாக இல்லை. இந்த இரண்டு மணிகளின் வேறுபாட்டில்தான் என் முதற்பிழைக்கான விளக்கம் இருந்தது. அதற்கு வருமுன் சொல்லின் பிறப்பைச் சொல்ல வேண்டும்.

இலத்தீனில் பொராமென் என்றால் துளை. பெரே என்றால் தாங்குதல், கொண்டிருத்தல். துளைகளைக் கொண்டவை, பொராமினிபெரா. இவ்வளவையும் எந்த அகராதியும் சொல்லிவிடும், நானும் அந்த இடத்தோடு நின்றுவிட்டேன். எந்தத் துளை என்று கேட்கவில்லை. இந்தப் பெயரை 1826 இல் இட்டவர் அல்சிட் டோர்பினி என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர். பிரான்சின் மேற்குக் கரையில், லா ரொஷெல் பகுதியில், கடல் மணலிலே சிறுவயதிலிருந்து இந்த ஓடுகளைப் பொறுக்கிப் பார்த்து வளர்ந்தவர். பெயரிட்டபோது அவருக்கு வயது 24ஐ எட்டவில்லை. இவ்வோடுகளைப் பெருப்பித்துக் காட்டும் 100 மாதிரியுருக்களைச் செய்து வெளியிட்டவரும் அவரே. ஆனால் அவர் இவற்றைத் தனிக்கல அங்கிகள் என்று நினைக்கவில்லை. அறை அறையாகப் பிரிக்கப்பட்டுச் சுருண்டிருந்த ஓடுகள் அவருக்குக் கணவாயின் உறவான நோட்டிலசு என்ற கடலுயிரை நினைவூட்டின. ஆகவே இவை கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும் கணவாய்ச் சாதி என்றே முடிவு செய்தார்.

அந்தத் தவறிலிருந்துதான் பெயர் பிறந்தது. நோட்டிலசின் ஓட்டில் அறைகளுக்கு இடையிலான ஒவ்வொரு தடுப்புச் சுவரையும் ஊடுருவி ஒரு குழாய் செல்கிறது. டோர்பினி பார்த்த சிற்றோடுகளில் குழாய் இல்லை. தடுப்புச் சுவரில் வெறும் துளை மட்டும் இருந்தது. குழாய் உடையவற்றை ஒரு பிரிவாகவும், துளை மட்டும் உடையவற்றை மற்றொரு பிரிவாகவும் வகுத்து, இரண்டாவதற்குப் பொராமினிபெரா என்று பெயர் வைத்தார். எனவே சொல்லில் உள்ள துளை ஓட்டின் புறச்சுவரில் சல்லடைபோலத் தெரியும் நுண்துளையன்று. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும் வாசல் அது. இந்த உயிர் வளரும்போது கடைசி அறையின் வாயருகே புதிய அறையொன்றைக் கட்டுகிறது. நேற்றுவரை வெளிவாயாக இருந்தது இன்று இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள உள்வாசலாகிவிடுகிறது. நம்மூரில் முன்பக்கம் விறாந்தை இறக்கிக் கட்டினால் பழைய முன்வாசல் நடுவாசலாகிவிடுவதைப் போன்றதுதான். உடற்கூற்றியலிலும் பொராமென் இந்தப் பொருளிலேயே வழங்குகிறது: மண்டையோட்டின் அடியில் முண்ணாண் இறங்கிச் செல்லும் பெருந்துளையை அந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். ஏதாவது ஒன்று ஊடே செல்வதற்கான துளை அது.

டோர்பினியின் வகைப்பாடு ஒன்பது ஆண்டுகள்தான் நின்றது. 1835 இல் பெலிக்ஸ் டுஜார்டன் என்பவர் இவற்றை உயிரோடு வைத்துக் கவனித்தார். கணவாய்க்குரிய கையோ கண்ணோ குடலோ எதுவும் இல்லை என்பதையும், ஓட்டிலிருந்து வழிந்து வெளியேறி மீண்டும் உள்ளே ஒழுகிப் போகும் ஒரே சீரான உயிர்ப்பொருள் மட்டுமே இருக்கிறது என்பதையும் கண்டு, இவை மிக எளிய உயிர்கள் என்று அறிவித்தார். பின்னாளில் புரோட்டோபிளாசம் என்று பெயர்பெற்ற அந்த உயிர்ப்பொருளுக்கு அவர் சார்க்கோட் என்று ஒரு பெயரும் வைத்தார். வகைப்பாடு போயிற்று, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பெயர் வைத்த காரணம் பிழையாக இருந்தும் பெயர் சரியாக அமைந்துவிட்ட சில அரிய இடங்களில் இது ஒன்று.

இனி அந்த இரண்டு மணிகளுக்கு வருகிறேன். ஒளி ஊடுருவும் பருப்பு வடிவ ஓட்டின் சுவரில் உண்மையாகவே எண்ணற்ற நுண்துளைகள் உண்டு. பீங்கான் போன்ற நெல்மணி ஓட்டின் சுவரில் அத்தகைய துளைகள் இல்லை. கடலடி மணற்றுகள்களைத் தானே பொறுக்கி ஒட்டி ஓடு செய்துகொள்ளும் மூன்றாவது வகையும் இருக்கிறது. பொராமினிபெரா என்பதற்குச் சல்லடைத் துளை என்று பொருள் கொண்டால் பீங்கான் ஓட்டு வகை முழுவதும் தன் பெயருக்கே உரிமையற்றதாகிவிடும். வாசல் என்று பொருள் கொண்டால் பல அறைகள் உள்ள எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒற்றை அறையோடு நின்றுவிடும் இனங்களும் இருப்பதால் அதுவும் முழுமையாகப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் பெயர் எதைப் பார்த்து வைக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை.

துளையுடலி என்று நான் எழுதியது இதனால் இருமடங்கு தவறு. அந்தச் சொல் ஏற்கெனவே பொரிபெரா என்னும் கடற்பஞ்சுக் கூட்டத்துக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. அங்கேயும் இலத்தீன் அமைப்பு அதேதான், துளை தாங்கி என்பதே பொருள். ஆனால் அந்தத் துளை உடல் முழுவதும் நீர் உறிஞ்சும் சிறுதுளை. இலத்தீன்காரர்கள் இரண்டு துளைகளுக்கு இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு தப்பித்தார்கள். நான் இரண்டையும் ஒரே துளைக்குள் போட்டுவிட்டேன். தமிழில் சொல் இல்லாமலும் இல்லை. புழை என்ற பழஞ்சொல் துளையையும், நுழைந்து செல்லும் சிறுவாயிலையும் ஒருங்கே குறிக்கும். யானையின் துதிக்கையைப் புழைக்கை என்பது அந்த வழியில் வந்ததே. அறைப்புழையி என்று ஒரு சொல்லைச் செய்து இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்தேன். பொருள் துல்லியமாக இருந்தது. ஆனால் அதை யாரிடம் சொன்னாலும், பிறகு கால் மணிநேரம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. விளக்கத்தின் முடிவில் பொராமினிபெரா என்ற சொல்லைத்தான் இருவரும் பயன்படுத்தினோம். பற்றீரியா, அமீபா என்பவற்றோடு வாழப் பழகிவிட்ட நாங்கள் இதனோடும் பழகிக்கொள்ளலாம் என்பதே இப்போது என் எண்ணம்.

எடுத்தாண்ட சொல் தமிழிலக்கணத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதில் மட்டும் நான் விடாப்பிடியாக இருக்கிறேன். பொராமினிபெரா இலத்தீன் வடிவத்தில் பன்மை. ஒன்றைக் குறிக்கப் பொராமினிபர் என்றும், ஆய்வுக்கூடப் பேச்சில் சுருக்கமாகப் போரம் என்றும் சொல்கிறார்கள். ஆகவே பொராமினிபெராக்கள் என்று எழுதுவது பன்மைமேல் பன்மை என்று ஒரு நண்பர் என்னைத் திருத்தினார். பற்றீரியாவும் அங்கே பன்மைதான். பற்றீரியாக்கள் என்று எழுதும்போது யாரும் நெற்றி சுருக்குவதில்லை. சொல் இங்கே குடிவந்துவிட்டால் இங்குள்ள விகுதியைத்தான் ஏற்க வேண்டும். இன்னொரு பழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம்: ஓடுடைய கடல் நுண்ணுயிர் எதைக் கண்டாலும் பொராமினிபெரா என்று எழுதுவது. ரேடியோலேரியாவும் தனிக்கலமே, ஆனால் அதன் கூடு சிலிக்காவாலானது. தயற்றங்கள் அல்காக்கள், அவற்றின் பெட்டியும் சிலிக்காவே.

இரண்டாவது பிழையைப் பற்றிச் சொல்வதில் எனக்கு ஓரளவு மகிழ்ச்சியும் உண்டு. இவற்றின் ஓட்டை ஆங்கில நூல்கள் டெஸ்ட் என்றே குறிக்கின்றன. நித்திரைத் தூக்கத்தில் நான் அதைச் சோதனை என்று பெயர்த்திருக்கிறேன். மூலச்சொல் இலத்தீனின் டெஸ்டா. அதற்கு மட்பாண்டம், உடைந்த பானைத் துண்டு, கூரைக்குப் போடும் சுட்ட மண் தகடு, உயிரினத்தின் புறக்கூடு என்று பொருள்கள் விரிகின்றன. அதிலிருந்து வந்த பிரெஞ்சுச் சொல் தலையையும் குறிக்கிறது. தமிழில் ஓடு என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: உடைந்த பானையின் ஓடு, துறவியின் திருவோடு, வீட்டுக்கூரையின் ஓடு, ஆமையோடு, முட்டையோடு, மண்டையோடு. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று கேளாமலே ஒரே வழியில் நடந்திருக்கின்றன. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நான் சோதனை என்று எழுதினேன். தேர்வு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பொன், வெள்ளியின் மாற்றைப் பார்க்க உருக்கும் மண்சட்டியின் பெயரிலிருந்து அது வந்தது. என் பிழைக்கு இது வம்சாவளி தருகிறதே தவிர மன்னிப்புத் தருவதில்லை.

இந்த ஓடுகளை மனிதர் கண்டது பெயர் வைப்பதற்கு வெகு காலம் முன்னரே. எகிப்தின் பிரமிட்டுகளுக்கு அருகில் சிதறிக் கிடந்த கற்சில்லுகளில் பருப்பு வடிவத் துணுக்குகளைப் பார்த்த கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, வேலையாட்கள் உண்டு மிஞ்சிய பருப்பு கல்லாகிவிட்டது என்று அங்குள்ளோர் கூறியதைக் குறித்துவைத்தார். தன் ஊரிலும் அத்தகைய கற்கள் நிறைந்த குன்றொன்று இருப்பதையும் சேர்த்து எழுதினார். அவை நுமுலைற்று என்னும் பெரிய பொராமினிபெராக்களின் ஓடுகள். அந்தப் பெயரின் பொருளோ சிறு நாணயம். ஒருவருக்குப் பருப்பு, இன்னொருவருக்குக் காசு. எகிப்து வரை போவானேன், யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டும்போது மேலே வரும், மயோசீன் என்னும் பழைய புவிக்காலத்துச் சுண்ணாம்புக் கல்லிலும் இவற்றின் ஓடுகள் இருக்கின்றன.

இன்று இச்சொல் அதிகம் அடிபடுவது பழைய கடலின் கணக்கெடுப்பில். எந்த இனம் எந்தக் காலத்துப் பாறையில் இருந்தது என்பது நன்றாகத் தெரிந்திருப்பதால், எண்ணெய்க் கிணறு தோண்டுவோர் மேலே வரும் பாறைத் தூளில் இவற்றைத் தேடி, துளைகருவி எந்தக் காலப் படையை எட்டியிருக்கிறது என்று அறிகிறார்கள். ஓட்டிலுள்ள ஒட்சிசன் சமதானிகளின், அதாவது நிறையில் வேறுபட்ட ஒட்சிசன் அணுக்களின், விகிதத்தைக் கொண்டு சேசரே எமிலியானி என்ற ஆய்வாளர் 1955 இல் பழைய கடல்களின் வெப்பநிலையைக் கணித்துக் காட்டினார். 2014 இன் கடைசியில் ஆழ்கடல் துளையிடும் கப்பலொன்று நமது வங்காள விரிகுடாவுக்கே வந்து, கடலடியிலிருந்து சேற்றுத் தண்டுகளை எடுத்துச் சென்றது. மாரி மழை பெருகினால் ஆற்று நீர் வந்து மேற்பரப்பு உவர்ப்புக் குறையும். அந்த மாற்றத்தை மேலே மிதந்த பொராமினிபெராக்கள் ஓட்டில் பதித்துக்கொண்டு அடியில் வீழ்ந்து கிடக்கும். மகாவலி கொட்டியாரக் குடாவில் கலப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தருக்கத்தை விளக்கத் தேவையில்லை.

சுனாமியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 மார்கழி 26 இல் கடல் வந்து போனபின் எங்கள் ஒழுங்கைகளில் கிடந்த மணலை வாரிக் கொட்டியவன் நான். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் நிலையில் அன்று யாரும் இல்லை. சுமாத்திராவின் ஆச்சேக் கரையிலுள்ள ஒரு குகையில், வௌவால் எச்சப் படைகளுக்கு நடுவே மணற் படைகள் மாறி மாறிக் கிடந்தன. அந்த மணலில் கடலடியில் வாழும் பொராமினிபெராக்களின் ஓடுகள் இருந்ததால், அவற்றைக் கொணர்ந்தது கடலே என்று நிறுவ முடிந்தது. 2004 க்கு முந்திய 7,400 ஆண்டுகளில் வந்த சுனாமிகளின் கணக்கை, 2017 இல் வெளியான அந்த ஆய்வு இப்படித்தான் எழுதியது. தானாகக் கரையேற முடியாத கடலடி உயிரின் ஓடு கரையேறிக் கிடந்தால், அதைத் தூக்கி வந்த கையைத் தேட வேண்டியிருக்கிறது.

இவ்வாண்டுக் கண்காட்சிக்கு அதே பாடசாலை மறுபடியும் என்னிடம்தான் வந்தது. பெருந்தன்மை என்றுதான் சொல்ல வேண்டும். புதிய பலகையில் இப்படி எழுதினேன்: "பொராமினிபெரா: தானே கட்டிய ஓட்டுக்குள் வாழும் தனிக்கலக் கடலுயிர். ஓட்டின் அறைகளுக்கு இடையே உள்ள வாசல்களால் இப்பெயர் பெற்றது." அதன் கீழே கறுப்பு மட்டை ஒன்றில் நிலாவெளி மணலிலிருந்து பொறுக்கிய பன்னிரண்டு ஓடுகளைப் பசையால் ஒட்டி, ஒன்று முதல் பன்னிரண்டு வரை இலக்கமிட்டு, கைவில்லையைச் சணல் நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.

அந்த மாணவி இப்போது உயர்தர இரண்டாம் ஆண்டு. பலகையை வாசித்துத் தலையசைத்துவிட்டு, மட்டையைக் கேட்டு வாங்கி, எட்டாம் இலக்கத்தை ஒரு துளி நீரால் நனைத்து, கீழிருந்து வெளிச்சம் விழும்படி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தாள். "சேர், இதுக்குள்ள தடுப்புச் சுவரே இல்லை. ஒரே குழாயாச் சுத்திக்கொண்டு போகுது. இது நத்தைச் சாதி" என்றாள். நானும் குனிந்து பார்த்தேன். அறை இல்லை, வாசலும் இல்லை. கரைவலைக்காரரிடம் நான் காட்டிய மணி அதுதான்.